ஏழு பேர் நின்ற மேடு

நடப்பதற்குக் காசு கொடுத்து ஆட்கள் வருவார்கள் என்று மின்ஹாஜ் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. மின்ஹாஜ் ஓட்டமாவடிப் பெடியன். கட்டாரில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவன். சண்டை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரரும் வெளிநாட்டுத் தமிழரும் கூட்டமாக மூன்று நாள் நடப்பார்கள், வாவிக்கரை, வயல் வட்டை, காடு எல்லாம் பார்ப்பார்கள், முன்னுக்குப் போக வழி தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றான்.

“நடக்கிறதுக்குக் காசா?” என்று கேட்டேன். “ரெண்டாயிரத்தி ஏழில வாகரைப் பக்கம் இரிந்து கிரானுக்கு நடந்தமே, அதுக்கு ஆர் தம்பி காசு தந்த?”

“அந்த வழிதான் அண்ணன் இப்ப அவங்களுக்கு வேணும்.”

“அந்த வழி எனக்குத் தெரியா. கண்ணகைக்குத்தான் தெரியும். அவள்ட பின்னுக்கு வந்தவன் நான்.”

இப்படித்தான் கண்ணகை இந்த வேலைக்கு வந்தாள். நானும் சாமான் சுமக்கிற ஆளாகக் கூடவே வந்தேன். அவள் முன்னால் நடப்பாள், நான் கடைசியில் நடப்பேன். நடுவில் காசு கொடுத்தவர்கள்.

கண்ணகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாகரைக்குத் தெற்கே கடலுக்கும் ஒரு சின்ன வாவிக்கும் நடுவில் இருக்கிறது. அவள் கடற்கரையில் கருவாடு போட்டு விற்றவள். அப்போது அவளுக்குப் புருஷனும் நிலக்சி என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளையும் இருந்தார்கள். சுனாமி அன்று காலை கடல் பின்னுக்குப் போனது. மண்ணில் மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. நாங்கள் எல்லாரும் மடையர்போல் அள்ளப் போனோம். கண்ணகை வீட்டுப்பக்கம் திரும்பி, “நிலக்சி, கூடையை எடுத்திட்டு வா மகள்” என்று கூப்பிட்டாள். பிள்ளை கூடையோடு வந்தது. பிறகு கடல் வந்தது. கண்ணகையை ஒரு மரமுந்திரிகை மரம் பிடித்து வைத்திருந்தது. மற்ற இருவரையும் மூன்றாம் நாள் எடுத்தோம்.

என் வீட்டில் போனவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றிலிருந்து எங்கள் ஊரில் தண்ணீர் பின்னுக்குப் போனால் ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் இறங்கினாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகள் உண்டு.

இரண்டு வருடம் கழித்து ஷெல் வந்தது. வாவியின் மேற்குக் கரையால் சுற்றி, காட்டு ஓரமாக முப்பது குடும்பத்தைக் கண்ணகைதான் வெளியே கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா அந்தக் காட்டில் எருமை மேய்த்தவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் அவளுக்கு ஒவ்வொரு மரமும் தெரியும். நான்கு நாள் நடந்தோம். ஒருவரையும் விட்டுவிட்டு வரவில்லை. கிரானுக்கு வந்ததும் ஆட்களைத் தலையைத் தொட்டுத் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள். எண்ணி முடித்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

அப்படிப்பட்டவள் வெள்ளைக்காரருக்கு வழிகாட்டியானாள். ஒரு சொல் இங்கிலீசு தெரியாது. கையைப் பொத்தி உயர்த்தினால் நில், விரித்துக் காட்டினால் வா. அவ்வளவுதான் அவள் பாஷை. செருப்புப் போட மாட்டாள். கையில் ஒரு கம்பு. ஒவ்வொரு நாள் காலையும் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஒரே பேச்சுப் பேசுவாள். தமிழ் தெரிந்த ஆள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

“சிவப்புப் பலகையில மண்டையோடு கீறி இரிக்கும். மஞ்சள் நாடா கட்டி இரிக்கும். அதுக்கு அங்கால மிதிவெடி. இன்னும் எடுக்கல்ல. பூப் புடுங்கவும் போப்படாது, படம் எடுக்கவும் போப்படாது. ஒண்டுக்கு வந்தா பாதையிலயே இருங்க. நாங்க மற்றப் பக்கம் பாப்பம்.”

ஆட்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

நான் சொல்ல வந்தது 2011 மார்கழி மாதம், டிசம்பர் இருபத்தெட்டாம் திகதி நடந்ததை. சுனாமி நினைவு நாள் முடிந்து இரண்டாம் நாள். அந்தத் தரம் ஐந்து பேர் வந்திருந்தார்கள். கனடாவில் இருந்து பாலசுந்தரி ரீச்சர், அறுபத்தாறு வயது, மட்டக்களப்பில் பிறந்து அங்கேயே படிப்பித்து இருபத்தைந்து வருடத்துக்கு முன் போனவர். அவருடைய மகன் கிரிசாந்த், முப்பது வயது இருக்கும், தமிழ் கொஞ்சம் தடக்கும். ஒல்லாந்தில் இருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும், இரண்டு பேரும் பனை உயரம். ஐந்தாவது ஆள் மஜீட் காக்கா. ஏறாவூரில் பிறந்து கொழும்பில் குடியிருப்பவர், ரயில் கார்ட்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். டொக்டர் நடக்கச் சொன்னாராம்.

“டொக்டர் கொழும்பில கோல்ஃபேஸ் கடற்கரையில நடக்கச் சொல்லியிரிப்பார்,” என்றேன்.

“கோல்ஃபேஸில நடந்தா வடை திண்ணச் சொல்லுதே தம்பி,” என்றார்.

அதற்கு முன் பத்து நாள் அடை மழை. வயல்கள் எல்லாம் வெள்ளம். வாவி விளிம்பு தட்டிக்கொண்டு நின்றது. முதல் நாள் இரவு காட்டோரத்துக் குடிசை ஒன்றில் தங்கினோம். காலையில், பைகள் ஏற்றுகிற லேண்ட்மாஸ்டர் ட்ரக்டர் சேற்றில் இறங்காது என்று ஓட்டுகிறவன் சொல்லிவிட்டான். பைகளை ஏற்றி, தெரு வழியாகச் சுற்றி வரச் சொல்லி அவனை அனுப்பினோம். இரவுப் பிட்டுக்கான அரிசிமா மூன்று கிலோ, தேங்காய், கருவாடு ஆகியவற்றைச் சாக்கில் கட்டி நான் தோளில் போட்டுக்கொண்டேன்.

வாவியின் ஒடுங்கின பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் நாடாவும் பலகையும், நடுவில் மாட்டுப் பாதை. நாடாவுக்கு உள்ளே கொஞ்சத் தூரத்தில் ஒரு மேடு. முந்தி அதில் சென்றி, ஆமிக்கோ இயக்கத்துக்கோ ஒரு காவல் அரண், இருந்தது. யாருடைய சென்றி என்று கேட்டால், வருடத்துக்கு ஒருவருடையது.

எட்டு மணி இருக்கும். தண்ணீருக்குள் மீன்காரர் நட்ட தடிகள் நிற்கும், வலை கட்டுகிற தடிகள். அவற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு தடியிலும் ஒரு சாண் அளவுக்கு ஈரம் தெரிந்தது. கொஞ்சம் நடந்து திரும்பிப் பார்த்தேன். ஈரம் ஒரு முழம் ஆகியிருந்தது. கரையோரச் சேறு வெளியே வந்துவிட்டது. அதில் சின்ன மீன்கள் துள்ளின. தண்ணீர் முழுக்கக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல்.

முன்னுக்குப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“கண்ணகை,” என்றேன். “தண்ணி வத்துது.”

அவள் நின்றாள். தடியைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், துள்ளுகிற மீனைப் பார்த்தாள். அவளுடைய முகத்தை அப்படி ஒரு தரம்தான் முன்பு கண்டிருக்கிறேன்.

“மேட்டுக்கு!” என்று கத்தினாள். “கடல் வருது! எல்லாரும் மேட்டுக்கு! ஓடுங்க!”

அவளே முதலில் ஓடினாள். நாடாவைக் காலால் மிதித்துக்கொண்டு ஓடினாள். ஒல்லாந்துக்காரர் பாஷை தெரியாமலே பின்னால் பாய்ந்தார்கள். கிரிசாந்தும் மஜீட் காக்காவும் ஓடினார்கள். ரீச்சருக்கு முழங்கால் சரியில்லை. நான் அவருடைய கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனேன். மண்டையோட்டுப் பலகை எனக்கு ஒரு முழத்தில் நின்றது. நான் காணவில்லை. யாரும் காணவில்லை. எங்கள் காதுக்குள் கடல் இரைந்துகொண்டிருந்தது.

மேட்டில் ஏறி நின்று கிழக்கே பார்த்தோம். மணல் திட்டிக்கு மேலால் கடல் தெரிந்தது. பேசாமல் கிடந்தது. ஐந்து நிமிடம் பார்த்தோம், பத்து நிமிடம் பார்த்தோம். அலை வரவில்லை.

பிறகு கடற்பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. சீன வெடி. சடசடவென்று ஒரு கோர்வை. கூடவே ஆட்கள் கூக்காட்டுகிற சத்தம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஆத்துவாய வெட்டிப்போட்டானுகள்,” என்றேன்.

வாவி கடலில் சேருகிற வாயை மணல் மூடிக்கிடக்கும். அதுதான் ஆற்றுவாய். மழை கூடி வயல் அமிழ்ந்தால் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து மண்வெட்டியால் அந்த மணலை வெட்டிவிடுவார்கள். வெட்டினதும் வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும். தண்ணீர் பாய்ந்தால் வெடி கொளுத்துவார்கள். முதல் நாளே வட்டை விதானை, அதுதான் அந்த வயல்களுக்குப் பொறுப்பான ஆள், மீன்காரருக்கும் ஊருக்கும் ஸ்பீக்கரில் அறிவிப்பார். ஊருக்கு அறிவித்திருப்பார். நாங்கள் காட்டோரத்தில் படுத்திருந்தோம்.

மஜீட் காக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அல்லாஹ்! வயல்காரன் மண்வெட்டி புடிச்சதுக்கா நான் இந்த ஓட்டம் ஓடின? கார்ட் வேலையில இரிக்கக்குள்ள ரயிலுக்குக்கூட நான் இப்படி ஓடல்ல.”

எல்லோரும் சிரித்தோம். ரீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒல்லாந்துக்காரர் மேட்டில் இருந்து இறங்கக் கால் எடுத்தார்.

கண்ணகையின் பொத்தின கை உயர்ந்தது.

அந்த மனிதர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். கண்ணகை மறு கையால் கீழே காட்டினாள். அறுந்து கிடந்த மஞ்சள் நாடா. அதற்குப் பக்கத்தில், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, பலகை.

சிரிப்பு நின்றது.

“நான் கொண்டுவந்திட்டன்,” என்றாள் கண்ணகை. வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். “நானே கொண்டுவந்திட்டன்.”

கிரிசாந்தின் கைபேசிக்கு மேட்டில் கொஞ்சம் சிக்னல் இருந்தது. மின்ஹாஜுக்கு எடுத்தோம். அவன் முதலில் கத்தினான், பிறகு அழுதான், பிறகு எங்கெங்கோ கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தான். மிதிவெடி எடுக்கிறவர்கள் லீவில் போய்விட்டார்கள், ஆட்களைத் திரட்டி வெள்ளத்துக்குள்ளால் வர இருட்டிவிடும் என்றான்.

“வந்தாலும் கம்பியால குத்திக் குத்தித்தான் வருவாங்க கண்ணகை அக்கா. ஒரு நாளோ ரெண்டு நாளோ சொல்லேலா. அசையாம நில்லுங்க. அல்லாட காவல்.”

“நிப்பம்,” என்றார் மஜீட் காக்கா. “தேங்காய் இரிக்கு. மா இரிக்கு.”

“அம்மாக்கு ஊசி,” என்றான் கிரிசாந்த். “பன்ரெண்டு மணிக்கு போடணும். சீனி வருத்தம். ஊசி பேக்கில. பேக் ட்ரக்டரில.”

“அதை ஏன்டா இப்ப சொல்றாய்?” என்றார் ரீச்சர். “ஒரு நாள் போடாட்டிச் சாக மாட்டன்.”

கண்ணகை வடகிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கருமுகில் எழும்பிக்கொண்டிருந்தது. கடலுக்கு மேல் மழை இறங்கியது தெரிந்தது.

“அண்ணன்,” என்றாள் என்னிடம். “ஈர மண். எங்கட அடி எல்லாம் விழுந்திரிக்கு. வந்த அடியில வெடிக்கல்ல. அந்த அடியிலயே திரும்பிப் போனாத்தான் உண்டு. மழை வந்தா அடி அழிஞ்சிரும். மறுகா ஒண்டும் இல்ல.”

“நான் முன்னுக்குப் போறன்.”

“நான் கொண்டுவந்தது. நான்தான் போவன்.”

அவள் மேட்டு விளிம்பில் குந்தி இருந்து கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஏழு பேருடைய அடி, கோழி கிளறினதுபோல் கிடந்தது. அவளுடைய அடி தெரிந்தது, சின்னக் கால், வெறுங்கால். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு பாகத் தூரம், இரண்டு கையையும் விரித்த நீளம். ஓடும்போது விழுந்த அடி. நடக்கிற ஆளுக்கு எட்டாது. ஒல்லாந்துக்காரருடையதைக் கேட்கவே வேண்டாம், ஆறு தாண்டினதுபோல இருக்கும் இடைவெளி.

“ஆர் மெல்ல வந்த?” என்று கேட்டாள்.

ரீச்சர் வெட்கப்பட்டார். “நான்தான் பிள்ளை. இவர் என்னை இழுத்துக்கொண்டெல்லோ வந்தவர்.”

கண்ணகை எழும்பினாள். “அண்ணன், உங்கட அடிதான். பக்கத்துப் பக்கத்தில விழுந்திரிக்கு. உங்கட கால் பெரிசு. ஒல்லாந்துக்காரன்ட சப்பாத்தும் அதுக்குள்ள அடங்கும்.”

ஐம்பத்திரண்டு வருடம் என் காலுக்கு ஏற்ற செருப்புக் கிடைக்கவில்லை என்று திட்டியிருக்கிறேன். அன்று குனிந்து அந்தக் காலை ஒரு தரம் பார்த்தேன்.

அவள் என் சாக்கை அவிழ்த்து அரிசிமாப் பையை எடுத்து இடுப்பில் கட்டினாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகினாள். கடைசி அடியில் இருந்து தொடங்கினாள். ஓர் அடி வைத்து, குனிந்து, அடுத்த அடிக்குள் ஒரு பிடி மாப் போட்டு, அதில் கால் வைத்து, மறுபடி குனிந்து. மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. நாங்கள் மேட்டில் நின்று பார்த்தோம். எண்ணினேன். நாற்பத்து மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள்.

அங்கே ஒரு வீரை மரம். அதன் கீழே சருகு. சருகில் அடி தெரியவில்லை. சருகுக்கு அங்கால் என் அடி திரும்பத் தெரிந்தது. நடுவில் மூன்று எட்டு.

“அண்ணன்! இதில எந்தப் பக்கத்தால வந்த? மரத்தோடயா, தள்ளியா?”

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. ஓடி வரும்போது மரம் இருந்ததே எனக்குத் தெரியாது. இடது பக்கம் என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது. சும்மா நிற்பதைவிட எதையாவது சொல்வது சுகம்.

“எனக்கு ஞாபகம் இல்ல,” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு காலில் சரிந்தபடி நின்றாள். முகில் பாதி வானத்துக்கு வந்துவிட்டது.

“முள்ளு,” என்றார் ரீச்சர் திடீரென்று. “எனக்கு இந்தக் கையில முள்ளுக் கீறினது. கிரிசாந்த், பார், வலக் கை.” கையை உயர்த்திக் காட்டினார். முழங்கைக்கு மேல் நீளமாகச் சிவப்புக் கோடு. “பிள்ளை! அங்க முள்ளுப் பத்தை இருக்கா?”

“இரிக்கு! மரத்துக்குத் தள்ளி, ஒரு சூரைப் பத்தை.”

“அது எனக்கு வலப் பக்கம் இருந்தது! நான் சால்வையை இழுத்து எடுத்தனான்!”

கண்ணகை சூரைப் பத்தையைப் பார்த்துக் கழுத்தை நீட்டினாள். “நூல் கிடக்கு,” என்றாள். “நீல நூல்.”

அவள் குனிந்து பத்தைக்கும் மரத்துக்கும் நடுவில் சருகை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். சருகுக்குக் கீழே ஈர மண்ணில் குதிக்கால் ஆழமாகப் பதிந்திருந்ததாம், பிறகு சொன்னாள். அங்கிருந்து எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மா விழுவதுதான் தெரிந்தது. ஒரு பிடி. கால் வைத்தாள். இன்னொரு பிடி. கால் வைத்தாள். மூன்றாவது.

நாடாவைத் தாண்டிப் பாதையில் நின்றதும் எங்கள் பக்கம் திரும்பி விரித்த கையைக் காட்டினாள்.

ஒவ்வொருவராக அனுப்பினேன். ஒல்லாந்துப் பெண் முதலில் போனாள், வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு. அவள் போய்ச் சேர்ந்த பிறகு புருஷன். பிறகு கிரிசாந்தைப் போகச் சொன்னேன். அம்மா போகாமல் போகமாட்டேன் என்று நின்றான்.

“போடா,” என்றார் ரீச்சர். “நீ முன்னுக்குப் போனாத்தான் நான் உன்னைப் பாத்துக்கொண்டு வருவன்.”

அவன் போனான். ரீச்சர் இறங்கினார். இருபது அடி நன்றாகப் போனார். பிறகு நின்றார்.

“ஏலாது,” என்றார். “கால் நடுங்குது. விழுந்திருவன்.”

“அம்மா!” என்று கிரிசாந்த் பாதையில் இருந்து கத்தினான். நாடாவுக்குள் கால் வைத்தான். கண்ணகை அவனுடைய சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு எறிந்தாள்.

“இவனைப் புடிச்சுக்கொள்ளுங்க!” என்றாள் தமிழிலேயே. ஒல்லாந்துக்காரர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கண்ணகை திரும்ப உள்ளே வந்தாள். வெள்ளை அடியில் வெள்ளை அடியில் கால் வைத்து, வீரை மரம் தாண்டி, ரீச்சருக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் துளி என் நெற்றியில் விழுந்தது.

“ரீச்சர், என்ட தோளில ரெண்டு கையையும் வையுங்க. கீழ பாக்காதீங்க. நான் கால எடுத்தா நீங்க அந்த இடத்தில வையுங்க.”

“பின்பக்கமாவா நடக்கப்போறாய் பிள்ளை? உனக்குப் பின்னுக்குக் கண் இருக்கா?”

“மா போட்டவள் நான்தானே. எனக்குத் தெரியும்.”

“நீ போ மகள். என்னால உனக்கும்…”

“கதையாதீங்க ரீச்சர். எனக்குக் கோபம் வரப் பண்ணாதீங்க. வலக் கால்.”

அவள் பின்னுக்கு ஓர் அடி வைத்தாள். தலையைத் திருப்பிப் பார்ப்பாள், வைப்பாள், நிற்பாள். ரீச்சர் முன்னுக்கு வைப்பார். அறுபது அடி அப்படிப் போனார்கள். மஜீட் காக்கா எனக்குப் பக்கத்தில் நின்று ஓதிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்திருந்தார், நானும் விடவில்லை.

அவர்கள் நாடாவைத் தாண்டும்போது மழை பிடித்துவிட்டது.

“நீ போ தம்பி,” என்றார் மஜீட் காக்கா. “உனக்கு வீடு வாசல் இரிக்கும்.”

“ஒருத்தரும் இல்ல. நீங்க போங்க. நான்தான் கடைசி ஆள், அதுதான் எனக்கு வேலை.”

அவர் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ரயில் பலகையில் நடக்கிற ஆள் மாதிரி நிதானமாகப் போனார். நான் நினைத்ததைவிடத் தைரியமான மனிதர்.

நான் இறங்கும்போது மா கரைந்து கூழாகிவிட்டது. வெள்ளை ஒவ்வொன்றும் விரிந்து மெலிந்துகொண்டிருந்தது. அடிக்குள் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. முப்பதாவது அடிக்குப் பிறகு எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

“நில்லுங்க!” என்று கண்ணகை கத்தினாள். “நான் சொல்லாம வையாதீங்க! அடுத்தது நேரா. கொஞ்சம் கிட்ட. ஓம். வையுங்க!”

வைத்தேன்.

“இடக் கால். மரத்துப் பக்கம் சரிச்சு. அங்க இல்ல! அங்க இல்ல அண்ணன்! உள்ளுக்கு!”

காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்கு வைத்தேன். மண் மெத்தென்று அமிழ்ந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அப்படி அவள் ஒவ்வோர் அடியாகச் சொல்லி என்னை வெளியே எடுத்தாள். நான் பாதையில் கால் வைத்ததும் என் முதுகில் ஓர் அடி அடித்தாள். பிறகு ஒவ்வொருவருடைய தலையையும் தொட்டு எண்ணினாள். ஆறு என்று வந்தது. திரும்ப எண்ணினாள், ஆறு. மேட்டுப் பக்கம் திரும்பினாள்.

“உன்னையும் எண்ணு கா,” என்றேன்.

அதற்குப் பிறகுதான் சேற்றில் குந்தி இருந்தாள்.

ஒல்லாந்துப் பெண் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுது அழுது ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?” என்றாள் கண்ணகை.

“நீங்க காப்பாத்தினதாம். தேங்க்ஸ் சொல்றா,” என்றான் கிரிசாந்த்.

“நான் காப்பாத்தல்ல. பலகையத் தாண்டிக் கொண்டுபோனது நான். பிழை என்ட எண்டு சொல்லு.”

“அது அக்கா, சுனாமி எண்டு நினைச்சுத்தானே…”

“சொல்லு தம்பி.”

அவன் சொன்னான். புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த மனிதர் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு சொல் சொன்னார்.

“என்னவாம்?”

“விளங்குதாம்.”

பன்னிரண்டரைக்கு லேண்ட்மாஸ்டரைப் பிடித்தோம். ரீச்சருக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் ஒல்லாந்துக்காரர் நடக்க வரவில்லை, வாகனம் பிடித்துப் பாசிக்குடாவுக்குப் போய்விட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மஜீட் காக்கா வந்தார்.

மின்ஹாஜ் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். “அக்கா, வெளிய கதைக்காதீங்க. தெரிஞ்சா இந்தப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டாங்க. இப்பதான் நாலு பேர் சாப்பிடத் தொடங்கினம்.”

“காலில்லாமச் சாப்பிடுறயா?” என்று கேட்டாள் கண்ணகை.

அவளே மிதிவெடி எடுக்கிறவர்களுடைய கந்தோருக்கு நடந்து போய், நாடாவை அறுத்ததையும் ஏழு பேரை உள்ளே கொண்டுபோனதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். மாட்டுப் பாதையையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். ஐந்து மாதம் எங்களுக்கு வேலை இல்லை. அவள் மறுபடி கருவாடு போட்டாள், நான் வரம்பு கட்டப் போனேன். வைகாசியில் அந்த மேட்டுப் பக்கம் துப்புரவாக்கினார்கள். பதினாறு எடுத்தார்கள். எது எங்கே கிடந்தது என்று ஒரு படம் வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆனியில் பாதை திறந்தது. மின்ஹாஜ் வேறு ஆளைப் போடுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணகையைத்தான் கூப்பிட்டான். அவள் போவதற்கு முன் வட்டை விதானையின் நம்பரை வாங்கித் தரச் சொன்னாள். இப்போது ஒவ்வொரு தரமும் ஆட்களை வரிசையில் நிறுத்திவிட்டு, பலகை பற்றிச் சொல்வதற்கு முன், அவருக்கு அடிப்பாள். ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பதால் எல்லாருக்கும் கேட்கும்.

“விதானையார், இண்டைக்கு ஆத்துவாய் வெட்டுறீங்களா?”

“கண்ணகை, இது ஆவணி மாசம் கா. வாவிக்குள்ள மாடு நடந்து திரியுது. தண்ணி எங்க கிடக்கு வெட்டுறதுக்கு? விடியக் காத்தாலயே என்ட உயிரை எடுக்காத!”

“வெட்டல்ல எண்டு வாயால சொல்லுங்க.”

“வெட்டல்ல. வெட்டல்ல. வெட்டல்ல. போதுமா?”

“நாளைக்கு?”

அந்தப் பக்கம் விதானையார் என்ன சொல்வார் என்று எழுத முடியாது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, போனை மடியில் செருகி, கம்பை எடுத்து, கையை விரித்துக் காட்டுவாள். நாங்கள் நடக்கத் தொடங்குவோம்.